சந்தனப் பொட்டு வைத்த இரண்டு பாட்டில்கள்

ஆயுதபூஜை விடுமுறை முடிந்து ஆய்வகத்துக்கு வந்த அக்னஸ், ஃப்ரீசரைத் திறந்ததும் "மாதாவே!" என்று அலறிவிட்டாள். அவளுடைய இரண்டு கண்ணாடி பாட்டில்களும் மூடி திறக்காமல் வெளியே மட்டும் பளபளவென்று தேய்த்துக் கழுவப்பட்டு, சந்தனப் பொட்டோடு உட்கார்ந்திருந்தன. லேபிள்களைக் காணோம்.

"தப்பாயிடுச்சாம்மா?" அட்டெண்டர் செல்லக்கண்ணு கையைப் பிசைந்தார். "எல்லாத்தையும் துடைச்சு, ஸ்ரீரங்கத்துல பூ வாங்கிட்டு வந்து பூஜை போட்டேன். பாட்டிலை அஞ்சே நிமிஷத்துல திரும்ப உள்ள வச்சுட்டேன்."

பாவம், அவரைத் திட்ட வாய் வரவில்லை. இன்சுலின் வந்து ஒட்டிக்கொள்ள செல்லின் மேல் ஒரு புரதம் இருக்கிறது. டைரோசின் கைனேஸ் வகை ஏற்பி. அதை மட்டும் தேடிப் பிடிக்கும் எதிர்ப்பொருளை, ஒரு முயலுக்கு அந்த ஏற்பியையே ஊசியாகப் போட்டு அதன் உடம்பில் உண்டாக்கி, அதன் ரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தை ஒரு பாட்டிலில் வைத்திருந்தாள். மூன்று வருட உழைப்பு. மற்ற பாட்டிலில் இருந்தது, ஊசி போடுவதற்கு முன்பே அதே முயலிடம் எடுத்த சீரம். ஏற்பி உள்ள தாளில் முதலாவதை ஊற்றிச் சாயத்தில் போட்டால் பழுப்புக் கோடு விழ வேண்டும். இரண்டாவதில் விழவே கூடாது. அந்த ஒற்றைக் கோட்டை நம்பித்தான், 1986 ஐப்பசிக்குள் பட்டம் என்ற கனவோடு, அவளுடைய ஆய்வேடு மன்னார்புரத்தில் பைண்டிங்குக்குப் போயிருந்தது.

"பரவாயில்லைங்க. சோதிச்சா எது எதுன்னு தெரிஞ்சுடும்."

தாள்களைச் சாயத்தில் போட்டாள். மூன்றாம் நிமிடம் கை தானாக நீண்டு, பாதியில் நின்றது. எதை எடுப்பது? கோடு விழக் கூடாத தாளை வழக்கமாக இந்நேரம் எடுத்துக் கழுவியிருப்பாள். மற்றதைப் பத்து நிமிடம் ஊறவிடுவாள். இன்று அடையாளம் தெரியாததால் இரண்டுமே பத்து நிமிடம் கிடந்தன.

இரண்டிலும் கோடு விழுந்தது. ஒரே இடத்தில், ஒரே அழுத்தத்தில்.

மாலைக்குள் இன்னும் இரண்டு முறை செய்து பார்த்தாள். அதே கோடுகள். ஊசிக்கு முந்தைய சீரத்திலும் அதே கோடு என்றால், எதிர்ப்பொருள் ஏற்பியைப் பிடிக்கவே இல்லை. இத்தனை நாளும் வித்தியாசத்தை உண்டாக்கியது அவளுடைய கைதான். அதுவும் சத்தியமாகத் தனக்கே தெரியாமல்! ஆய்வேட்டில் படங்கள் என்னவோ அழகாகத்தான் இருந்தன. வாய் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியாது. அப்படி ஒரு நினைப்பு தனக்கு வந்ததே அவளைத் தூக்கிவாரிப் போட்டது.

வீட்டுக்குப் போகும் திருவெள்ளறை பஸ்ஸை விட்டுவிட்டு நின்றிருந்த செல்லக்கண்ணுவுக்கு அழுகையே வந்துவிட்டது. "என்னாலதான் கெட்டுப்போச்சாம்மா?"

"இல்லைங்க. கெடுத்தது நான்." பைண்டிங் ரசீதைத் தேடி எடுத்தாள். "காலையில போய் ஆய்வேட்டைத் திரும்ப வாங்கிட்டு வந்துடறேன். வேற முயல் பார்க்கணும்."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினார்.

"அதோட பாட்டிலுக்கெல்லாம் நீங்கதான் லேபிள் ஒட்டணும். எது எதுன்னு மட்டும் எங்கிட்ட சொல்லிடாதீங்க."