முந்நூற்றுப் பன்னிரண்டு மீட்டர் வராந்தா

எங்கள் வார்டு வராந்தாவின் நீளம் அன்றன்று காலை என் சர்க்கரை அளவுதான். சர்க்கரை இருநூறு என்றால் வராந்தா இருநூறு மீட்டர். சிஸ்டர் அமலோற்பவம் முதலில் என் விரலில் குத்துவார். பிறகு டேப் பிடித்து வராந்தாவை அளப்பார். இரண்டும் ஒரு நாளும் மாறியதில்லை.

பைபாஸ் முடிந்து ஒன்பதாம் நாள். வராந்தாவின் கடைசியில் இருக்கும் கதவை நடந்துபோய்த் தொட்டால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பத்து மணிக்குக் கதவு சுவராகிவிடும். எதிர்க்கட்டில் ஞானதுரை மூன்று முறை சுவரைத் தொட்டுத் திரும்பியவர். இப்போது அவர் கட்டிலுக்குக் கதவு எண் கொடுத்துவிட்டார்கள். தபால்கூட வருகிறது. எனக்கும் அப்படி ஆகிவிடுமோ என்று பயமாக இருந்தது.

முந்தின நாள் நான் ஒரு கருப்பட்டி மிட்டாய் தின்றிருந்தேன். கருப்பட்டி சர்க்கரையில் சேராது என்று நாற்பது வருடமாகச் சொல்லிவருகிறேன். வராந்தா அதை ஏற்றுக்கொள்ளவில்லை. காலையில் முந்நூற்றுப் பன்னிரண்டு.

"மிட்டாய் தின்னது நீரு. நடக்கது நானா வே?" என்றார் ஞானதுரை.

நியாயமான கேள்விதான். இருவரும் கிளம்பினோம்.

நூறாவது மீட்டரில் என் இடது கால் உட்கார்ந்துவிட்டது. அதிலிருந்த ரத்தக்குழாயை எடுத்துத்தான் இதயத்தில் தைத்திருந்தார்கள். இனி நடப்பது தன் வேலையில்லை என்றது கால். மணி ஒன்பது ஐம்பது.

அப்போது இதயம் நடக்க ஆரம்பித்தது. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. நான் முப்பத்து நான்கு வருடம் தபால்காரன். அத்தனை தெருவையும் என் கெண்டைக்காலில் இருந்தபடி நடந்து முடித்த குழாய் அது. கதவு என்று ஒன்று இருந்தால் போய்ச் சேராமல் அதற்கு இருப்புக்கொள்ளாது.

நெஞ்சு முன்னால் போனது. நான் பின்னால் போனேன். ஞானதுரை என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். சர்க்கரைக்காரர் காயம் லேசில் ஆறாது, தையல் பிரிந்துவிடும் என்று சிஸ்டர் டேப்போடு கூடவே ஓடி வந்தார். சட்டையைத் திறந்து காட்டினேன். ஒரு தையல்கூட அசையவில்லை. எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

பத்துக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது கதவைத் தொட்டோம். திறந்தது.

வெளியே என் மனைவி செண்பகவடிவு நின்றிருந்தாள். கையில் சர்க்கரைக்காரர்கள் போடும் மெத்துச் செருப்பு, புதிது, மூன்று.

"மூணு எதுக்கு?" என்றேன்.

"நடந்து வந்தது யாரு?" என்றாள்.

இரண்டைக் கீழே போட்டாள். மூன்றாவதை என் நெஞ்சில் மாட்டினாள். புதுச் செருப்பு என்பதால் நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அளவு சரியாக இருந்தது. பஸ் நிறுத்தம் வரை அதுதான் முன்னால் போனது.