அட்டையும் வில்லையும்

மல்லாவிக்கு வெளியே, வயல்களுக்கு நடுவில் இருக்கிறது அந்தப் பால் நிலையம். அங்கே இருபத்தெட்டுப் பேர் வேலை செய்கிறார்கள். ஒரு சனிக்கிழமை யாரோ குளிர் அறைக் கதவைச் சரியாகச் சாத்தாமல் போய்விட்டார்கள். திங்கட்கிழமை பார்த்தபோது உள்ளே இருந்த தயிர் முழுவதும் புளித்துப்போயிருந்தது. கடைசியாக உள்ளே போனது யார் என்று யாருக்கும் தெரியவில்லை. அந்தக் கதவுப் பூட்டுக்கு இருந்தது ஒரே ஒரு திறப்பு. அது எல்லாருடைய கையிலும் போய்வந்தது.

அதன் பிறகுதான் கதவுகளுக்கு மின்பூட்டுப் போட, நிலையத்தை நடத்துகிற கூட்டுறவுச் சங்கம் தீர்மானித்தது. பொறுப்பு நிர்வாக உத்தியோகத்தர் கஜேந்தினியிடம் வந்தது.

வவுனியாவிலிருந்து நிரஞ்சன் மாதிரிகளோடு வந்தான். பூட்டுப் பொருத்துவதுதான் அவனுடைய தொழில். மேசையில் ஒரு வெள்ளை அட்டையையும், திறப்புக்கோர்வையில் கொழுவுகிற நீல வில்லை ஒன்றையும் வைத்தான். வில்லை பலாக்கொட்டை அளவுதான் இருந்தது.

"ரெண்டுக்குள்ளையும் இருக்கிறது ஒரே சிப்தான், மிஸ். கதவடியிலை இருக்கிற பெட்டிக்குக் கிட்டக் காட்டினாக் காணும், திறக்கும். ஆர், எத்தினை மணிக்கு எண்டு கொம்பியூட்டரிலை பதியும்."

"இதைவிட மலிவா ஒண்டு இருக்கெண்டு தலைவர் சொன்னவரே?"

நிரஞ்சன் பையிலிருந்து அந்த மலிவான அட்டையை எடுத்தான். கூடவே ரோச்லைற் போன்ற ஒரு கருவியையும் எடுத்து, அட்டையோடு ஒட்டிப் பிடித்தான். பிறகு இன்னொரு வெறும் அட்டையோடு பிடித்தான். கஜேந்தினி தேநீரில் இரண்டு மிடறு குடிப்பதற்குள் இரண்டாவது அட்டையும் அவன் கொண்டுவந்த மாதிரிப் பூட்டைத் திறந்தது.

"இந்த மெசின் ஆரும் வாங்கலாம், மிஸ். மற்ற வகையை இப்பிடி லேசிலை கொப்பி எடுக்க ஏலாது."

"அப்ப மலிவு வேண்டாம்," என்றாள் அவள்.

சங்கத் தலைவர் தயாபரன் அதற்குச் சம்மதித்தார். ஆனால் எல்லாருக்கும் அட்டைதான் என்றார். படமும் பெயரும் அச்சடித்து, நாடாவில் கோர்த்து, கழுத்தில் போட வேண்டும். கொழும்பில் அப்படிப் பார்த்திருந்தார். கஜேந்தினிக்கும் அது வடிவாகத்தான் பட்டது. நான்கு பேருக்கு மட்டும் அட்டை அடித்து ஒரு கிழமை பார்ப்போம் என்று தொடங்கினாள்.

மூன்றாம் நாள் அன்னபாக்கியம் வந்து, இரண்டாக உடைந்த அட்டையை மேசையில் வைத்தாள். ஐம்பத்தைந்து வயது. பால் கேன் கழுவுகிறவள்.

"இதென்ன, அன்னமக்கா?"

"சப்பாத்துக்குள்ளை வச்சிருந்தனான், பிள்ளை. உடைஞ்சு போச்சு."

"கழுத்திலை போடத்தானே நாடா தந்தது?" நினைத்ததைவிடக் குரல் கொஞ்சம் கடுமையாகவே வந்துவிட்டது.

அன்னபாக்கியம் ஈரக் கையைச் சட்டையில் துடைத்தாள்.

"சண்டை முடிஞ்சு முகாமிலை எங்களைப் பதியேக்கை, நம்பர் எழுதின மட்டை ஒண்டைக் கையிலை தந்து, நெஞ்சுக்கு நேரை பிடிக்கச் சொல்லிப் படம் எடுத்தவை. மகனை ஆமிக்காரர் கூட்டிக்கொண்டு போய் அப்ப ரெண்டு நாள். நான் அழுதழுது நிண்டனான். அந்த முகத்தோடைதான் படம். எங்கை போனாலும் அதைக் காட்டித்தான் போகோணும்." உடைந்த அட்டையை மேசையில் தள்ளிவைத்தாள். "வேலையிலை ஒரு குறையும் விடமாட்டன், பிள்ளை. என்ரை முகத்தைக் கழுத்திலை கொழுவச் சொல்லாதையுங்கோ."

கஜேந்தினி அவளைக் கதிரையில் இருக்கச் சொன்னாள். ஆறு வருடமாகத் தினமும் பார்க்கிற ஆள். மகனைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. தன் தேநீரை அவள் பக்கம் தள்ளி வைத்தாள்.

அன்று பின்னேரமே தலைவரிடம் போனாள்.

"எல்லாருக்கும் வில்லையே குடுப்பம், சேர். பால் வேலைக்கு அதுதான் சரி. நனைஞ்சாலும் பழுதில்லை, கழுத்திலை தொங்கிக் கேனுக்குள்ளை விழாது."

"படம் இல்லாட்டி ஒராளின்ரையை இன்னொராள் கொண்டு போகலாமே?"

"இருபத்தெட்டுப் பேர்தானே, சேர். வாசலிலை நிக்கிற மூக்கண்ணைக்கு எல்லாரையும் தெரியும்."

தயாபரன் யோசித்துவிட்டுத் தலையாட்டினார்.

அட்டைகளைத் திருப்பி வாங்க அவள் வாசலுக்குப் போனாள். காவலாளி மூக்கனும் அந்த நான்கு பேரில் ஒருவர். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தின்போது, பதின்மூன்று வயதில், மலையகத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து பெற்றோரோடு வன்னிக்கு வந்தவர். சட்டைப்பையிலிருந்த அட்டையை எடுத்தார். ஆனால் நீட்டவில்லை.

"இத நானே வச்சிக்கிறனே, மிஸ்."

"ஏன் அண்ணை, வில்லை சின்னன்தானே, லேசு."

"எங்கப்பாவுக்குக் குடியுரிமையே குடுக்கல; சாகுற மட்டும் இந்த நாட்டுல ஒரு காகிதத்துலயும் பேர் இல்ல. எனக்கு அடையாள அட்டை கிடைக்கிறப்பவே தலை நரைச்சிருச்சி. இதுல பாருங்க, பேரும் போட்டோவும், கீழ 'பாதுகாப்பு உத்தியோகத்தர்'னு வேலையும் போட்டிருக்கு. பொண்டாட்டிகிட்ட காட்டிட்டேன்."

கஜேந்தினி சிரித்துவிட்டாள். எல்லாருக்கும் ஒன்றே என்று முதலில் தலைவர் சொன்னது பிழை என்றால், இப்போது தான் சொல்லிவிட்டு வந்ததும் பிழைதான் என்று தோன்றியது. அங்கேயே நின்று நிரஞ்சனுக்கு அழைத்தாள்.

"தம்பி, ஒரே பெட்டி ரெண்டையும் வாசிக்கும்தானே?"

"ஓம் மிஸ், பிரச்சினை இல்லை."

அடுத்த நாள் ஒரு தாளை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்டாள். பத்தொன்பது பேர் வில்லை கேட்டார்கள். ஒன்பது பேருக்கு அட்டை வேண்டுமாம். ஆய்வுகூடத்து வினோஜா, படத்தை வேறு எடுத்துத் தந்தால் அட்டை என்றாள். அதையும் குறித்துக்கொண்டாள்.

பூட்டுகள் பொருத்திய நாளில் அன்னபாக்கியம் வில்லையை இறப்பர் நாடாவில் கோர்த்து மணிக்கட்டில் கட்டியிருந்தாள். இரண்டு கையிலும் வாளியோடு குளிர் அறைக்கு வந்து, மணிக்கட்டைப் பெட்டியருகே கொண்டுபோனாள். பூட்டுத் திறந்தது. காலால் கதவைத் தள்ளிக்கொண்டு அரைவாசி நுழைவதற்குள் கதவு திரும்பி வந்து தோளில் இடித்தது.

"தம்பி, உது அவசரப்படுது," என்றாள் நிரஞ்சனிடம். "பாரத்தோடை வாற ஆளுக்கு இன்னும் கொஞ்ச நேரம் விட ஏலாதே?"

நிரஞ்சன் ஏணியில் ஏறிக் கதவைத் தானாகச் சாத்துகிற, மேலிருந்த இரும்புக் கையின் திருகைச் சரிசெய்துவிட்டு, மறுபடி வந்து பார்க்கச் சொன்னான். அவள் வாளிகளைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தாள். இந்த முறை கதவு அவள் உள்ளே போய்ச் சேரும்வரை நின்று, பிறகு மெதுவாகச் சாத்திக்கொண்டது.