உள்ளே விட்டு உடனே தள்ளும் பெட்டி

துறைமுகத்தில் மூன்றாம் எண் புயல் கூண்டு ஏற்றியிருந்தார்கள். பட்டினச்சேரிப் படகுகள் எல்லாம் கரைக்கு வந்து சேர்ந்துவிட்டன. என் வீட்டுக்காரர் சிங்காரவேலுவின் பைபர் படகு மட்டும் வரவில்லை. அதில் அவரோடு என் தம்பி சசிதரனும் இன்னும் இரண்டு பேரும் போயிருந்தார்கள்.

காலையிலேயே திரும்பியிருக்க வேண்டியவர்கள். மத்தியானம் ஆகியும் போன் கிடைக்கவில்லை. வயர்லெஸ்ஸில் கூப்பிட்டால் இரைச்சல்தான் வந்தது. ஐஸ் உடைக்கிற இடத்தில் கூடையைப் போட்டேன். தோளில் கிடந்த ஈரச் சாக்கோடு வலைக்கூடத்துக்கு ஓடினேன்.

வலைக்கூடத்தை ஒட்டி ஓர் அறை. படகுக்காரர் சங்கத்தின் கம்ப்யூட்டரும் வயர்லெஸ் செட்டும் அங்கேதான் இருக்கின்றன. இரண்டையும் பார்த்துக்கொள்வது ஆரோக்கியஜோசப். காரைக்காலிலிருந்து தினமும் பைக்கில் வந்து போகிறவன்.

"ஜோசப் தம்பி, அவரு எந்தப் பக்கம் போனாருன்னு பொட்டியில பாத்துச் சொல்லு. கடலோரக் காவல்படைக்காரங்க எடம் கேக்குறாங்க."

அவன் திரும்பவில்லை. "பொட்டி தொறக்க மாட்டேங்குதுக்கா" என்றான்.

எங்கள் ஊரில் எந்தப் படகு டிரைவரும் தான் மீன் பிடிக்கிற இடத்தை இன்னொருவருக்குச் சொல்ல மாட்டார். கடலுக்கடியில் மீன் அடைகிற பாறைக்கு 'பார்' என்று பேர். ஒரு பாரைக் கண்டுபிடித்தவர் பெண்டாட்டியிடம்கூட வாய் திறப்பதில்லை. படகு எங்கே நிற்கிறது என்று காட்ட அரசாங்கம் ஒரு கருவி கொடுத்திருக்கிறது. என் வீட்டுக்காரர் கரையைத் தாண்டியதும் அதை அணைத்துவிடுவார். சிவபாலன் அண்ணன் அதைப் பார்த்துப் பின்னாலேயே வந்துவிடுகிறார் என்று அவருக்குக் கோபம். சிவபாலனுக்கு லாஞ்சு என்கிற பெரிய விசைப்படகு இருக்கிறது. சொந்தக்காரர்தான், இருந்தும் இருவருக்கும் பேச்சில்லை.

ஆனால் கடலுக்குப் போகுமுன் இந்தக் கம்ப்யூட்டருக்கு எல்லா டிரைவரும் வந்தாக வேண்டும். ஜிபிஎஸ் கார்டைச் சொருகி, போகிற வழியை ஜோசப்தான் ஏற்றித் தருவான். அதற்கான புரோகிராம் இந்தப் பெட்டியில் மட்டும்தான் திறக்கும். ஒருவர் தன் இடத்தைப் பார்க்கிறபோது மற்றவர்கள் எழுந்து வெளியே போய் வலை காய்கிற பக்கம் நிற்பார்கள். போங்கள் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. குளிக்கிற இடத்தைப் பார்த்ததும் விலகிப் போகிற மாதிரி அது பழகிப்போயிருந்தது.

அதனால் சிங்காரவேலு எங்கே போனார் என்பது கரையில் அந்தப் பெட்டி ஒன்றுக்குத்தான் தெரியும்.

"நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு?"

"வைரஸ் வந்திருந்துச்சுக்கா. எவனோ சினிமாப் படம் ஏத்திக்கிட்டு வந்து பென் டிரைவச் சொருகிட்டான். நேத்து சாயங்காலம் கிளீனர் போட்டு அழிச்சேன். எல்லாம் சுத்தமாயிடுச்சுன்னு வந்துச்சு. நானும் நம்பி அணைச்சுட்டுப் போயிட்டேன். இப்ப பாருங்க."

பாஸ்வேர்டு அடித்தான். வரவேற்பு என்று திரையில் எழுத்து வந்தது. கூட்டிப் படித்து முடிப்பதற்குள் மறைந்தது. ஒரு கண் இமைப்பு நேரம், முகப்பில் வைத்திருக்கிற கடல்படம் தெரிந்தது. உடனே திரை கறுத்து, மறுபடியும் பாஸ்வேர்டு கேட்டு நின்றது. இன்னொரு தடவை அடித்தான். உள்ளே விட்டது, உடனே வெளியே தள்ளியது. வாசலுக்கு வந்தவரை வாங்க என்று கூப்பிட்டுக் கழுத்தைப் பிடித்துத் தள்ளுகிற மாதிரி இருந்தது.

சிவபாலன் அண்ணன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே வந்தார். மழைக்கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"இன்னுமா நோண்டிக்கிட்டு இருக்க? ஃபார்மேட் போட்டு விடுடா. எங்க மச்சினன் கடயில அதான் பண்ணுவான், எல்லாம் சரியாயிடும்."

"போட்டா சரியாயிடும்ணே. சிங்காரவேலு அண்ணன் எடமும் சேந்து அழிஞ்சிடும்."

"அப்ப போடாத" என்றார் அவர் சட்டென்று. பிறகு என்னைப் பார்த்தார். "தங்கச்சி, ஒக்காரு. நிக்காத."

நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்று தோன்றியது.

வயர்லெஸ்ஸில் காவல்படை ஆள் மறுபடி கேட்டார். கடல் பெரிதம்மா, எந்தத் திசை என்றாவது சொல்லுங்கள், இருட்டுவதற்குள் ஒரு பக்கமாவது தேடலாம் என்றார். தன்மையாகத்தான் சொன்னார். ஒரு பக்கமாவது என்ற சொல்தான் என்னைக் கொன்றது. மற்ற பக்கங்களை விட்டுவிடுவார்கள் என்றுதானே அதற்கு அர்த்தம்?

ஜோசப் திருமலைராயன்பட்டினத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிற மெஹர் பானுவுக்குச் சொல்லி அனுப்பியிருந்தான். அவள் அந்தக் காற்றிலும் ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தாள். பையை இரண்டு பாலித்தீன் உறைக்குள் சுற்றி வயிற்றோடு அணைத்திருந்தாள். துப்பட்டா நனைந்து தலையோடு ஒட்டியிருந்தது.

"பட்டினத்துல மரம் விழுந்து கரண்ட் போயிடுச்சு. இங்க இருக்கா?"

"இங்கயும் போயிடுச்சு. இன்வெர்ட்டர்ல ஓடுது" என்றான் ஜோசப்.

"எவ்வளவு நேரம் தாங்கும்?"

அவன் தோளைக் குலுக்கினான். பேட்டரி பழசு.

அவள் ஒரு தடவை பாஸ்வேர்டு அடித்துப் பார்த்தாள். கடல்படம் வந்து மறைந்ததும் தலையை ஆட்டினாள். "சேஃப் மோடு?"

"அதுலயும் இதே கூத்துதான்."

"சரி. இது எனக்குத் தெரிஞ்ச சீக்குதான்." என் பக்கம் திரும்பினாள். "அக்கா, பயப்படாதீங்க. உள்ள ஒண்ணும் அழியல. நாம பாஸ்வேர்டு போட்டதும் கதவத் தொறந்து கூட்டிட்டுப் போக உள்ள ஒரு ஆள் இருப்பான். வைரஸ் அவன ஓரமா தள்ளிட்டு அந்த எடத்துல தான் நின்னுக்கிட்டு இருந்துச்சு. ஜோசப் வைரஸ அடிச்சுத் தொரத்திட்டாரு. பழைய ஆள யாரும் கூப்புடல. இப்ப கதவுகிட்ட யாருமே இல்ல, அதான் தள்ளுது."

"கூப்புட முடியுமாம்மா?" என்று கேட்டேன்.

"அவன் பேர எழுதி வைக்கிற வரி ஒண்ணு இருக்கு. அதுல இன்னமும் வைரஸ் பேருதான் இருக்கும். மாத்தி எழுதணும். வெளியிலேருந்து எழுதணும், அவ்வளவுதான்."

"பிஸ்மில்லாஹ்" என்று முணுமுணுத்துத் தன் பென் டிரைவைச் சொருகினாள். பெட்டியை அணைத்து எழுப்பினாள். இந்தத் தடவை அது பென் டிரைவிலிருந்து எழுந்தது. நீலத் திரை, பிறகு வெள்ளைச் சன்னல்கள். ஆங்கில எழுத்துகள் மேலிருந்து கீழே ஓடின. வெளியே காற்று தகரத்தைத் தூக்கித் தூக்கி அடித்தது. ஒவ்வொரு அடிக்கும் படகின் பலகை உடைகிற சத்தம் எனக்குக் கேட்டது.

"மாத்திட்டேன்" என்றாள். பென் டிரைவை உருவினாள். பெட்டி எழுந்தது. ஜோசப் பாஸ்வேர்டு அடித்தான்.

வரவேற்பு. கடல்படம். கறுப்பு.

இன்வெர்ட்டர் பீப் என்று ஒரு சத்தம் போட்டது. சிறிது விட்டு இன்னொன்று.

"யா அல்லாஹ்" என்று பானு நெற்றியில் அடித்துக்கொண்டாள். "புத்திகெட்டவ நான். பென் டிரைவுக்குள்ள இருக்குற வரிய மாத்தியிருக்கேன். பொட்டியோட வரிய மாத்தல. ரெண்டும் பாக்க ஒரே மாதிரி இருக்கும்."

"நெதானமா பாரும்மா" என்றார் சிவபாலன் அண்ணன்.

"நெதானமா பாக்க பேட்டரி விடுமா? லைட்ட அணைங்க. ஃபேன் ஓடுதா? அதையும். வயர்லெஸ்ஸ விட்டுட்டு எல்லாத்தையும் புடுங்குங்க."

அறை இருண்டது. மறுபடி நீலத் திரை. இந்தத் தடவை அவள் ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்தாள். இது பென் டிரைவோடது, இது வேணாம். இது பொட்டியோட டிஸ்க். இத ஏத்து. இதுக்குள்ள போ. ஜோசப்பின் வாய் அசைந்தது. மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"இந்தா இருக்கு பாரு கழுத!" என்றாள். திரையில் ஏதோ ஒரு பேர் முடிவில்லாமல் நீண்டு கிடந்தது. அதை அழித்து வேறொன்றை எழுத்தெழுத்தாக அடித்தாள். ஜோசப்பைப் படிக்கச் சொன்னாள். கடைசியில் ஒரு கமா விட்டுப்போயிருந்தது. அவன் சொன்னதும் போட்டாள். இன்வெர்ட்டர் இப்போது விடாமல் கத்தியது.

பெட்டி அணைந்து எழுந்தது. எனக்குப் பார்க்கத் தைரியம் இல்லை. ஈரச் சாக்கை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு கதவைப் பார்த்து நின்றேன்.

"அக்கா" என்று ஜோசப் கூப்பிட்டான். "நிக்குது. தள்ளல."

திரும்பினேன். கடல்படம் அசையாமல் நின்றது. அவன் புரோகிராமைத் திறந்தான். படகுகளின் பேர்கள் வந்தன. எங்கள் படகின் பேர்மீது அம்புக்குறி போனது.

அப்போது சிவபாலன் அண்ணன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். வெளியே நடந்தார். மழையில் போய், வலை காய்கிற பக்கம் முதுகைக் காட்டி நின்றார்.

எனக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் ஆத்திரம் வந்தது. சிங்காரவேலு அந்த இடத்தை மறைக்கத்தான் கருவியை அணைத்தார். அதை மறைக்கத்தான் இந்த மனிதரோடு பேசாமல் இருந்தார். இவரோ சங்கத்து வழக்கத்தை மதித்து மழையில் நின்று நனைகிறார். நான் காட்டாவிட்டால் அவர் பார்க்க மாட்டார். காட்டினால் என் வீட்டுக்காரர் உயிரோடு வந்து என்ன சொல்வார்?

உயிரோடு வந்து சொல்லட்டும்.

"அண்ணே!" என்று கத்தினேன். "உள்ள வாங்க!"

"தங்கச்சி, அது மச்சானோட எடம்."

"மச்சானே இல்லன்னா எடத்த வச்சு நான் என்ன பண்ணட்டும்? வந்து பாருங்க. கரையில கெடக்குறதுல உங்க லாஞ்சு ஒண்ணுதான் இந்தக் காத்துல போவும்."

வந்தார். திரையில் கோடு கரையிலிருந்து வளைந்து போய் ஒரு புள்ளியில் நின்றது. குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"இந்தப் பாரத்தான் நான் இத்தன வருசமா..." என்று ஆரம்பித்தார். என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். விரலைப் புள்ளியில் வைத்துக் கீழே இழுத்தார். "இங்கதான் நங்கூரம் போட்டிருப்பாரு. நங்கூரம் அறுந்து எஞ்சினும் நின்னுருந்தா, வாடக்காத்தும் தண்ணி ஓடுற நீவாடும் ஒண்ணா சேந்து தெக்க இழுக்கும். இங்கன தேடணும். இன்னும் வுட்டா எல்லைக்கு அந்தாண்ட போயிடுவாங்க. ஜோசப்பு, காவல்படைக்கு இதச் சொல்லு. நானும் கெளம்புறேன்."

"நீங்க போறது..." என்று பானு இழுத்தாள்.

"லாஞ்சு எதுக்கும்மா இருக்கு? அழகு பாக்கவா?"

அவர் போனார். ஜோசப் காவல்படைக்கு இடத்தைச் சொல்லி முடித்ததும் கம்ப்யூட்டர் தானாக அணைந்தது. பேட்டரி தீர்ந்துவிட்டது. வயர்லெஸ்ஸை ஜோசப் பைக் பேட்டரியோடு இணைத்தான். இணைத்து முடிக்கும்வரை உயிர் என்னிடம் இல்லை.

பிறகு காத்திருப்பு. அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. இரைச்சல் கேட்டுக்கொண்டே இருந்தது. இடையில் சிவபாலன் அண்ணன் குரல் வரும், ஒன்றும் காணோம் என்று. காவல்படைக் கப்பல்காரர் குரல் வரும், ஒன்றும் காணோம் என்று. பானு வீட்டுக்குப் போகவில்லை. என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து என் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஐஸ் பிடித்துப் பிடித்துக் காய்த்த கை அது. அவள் தேய்ப்பது வெகுநேரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. புள்ளியிலேயே அவர் இல்லையென்றால்? போகிற வழியில் மனம் மாறி வேறு பாருக்குத் திரும்பியிருந்தால்? பெட்டி சொன்னது அவர் போக நினைத்த இடம்தானே. அதை நான் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் உண்மையாகிவிடும் போல இருந்தது.

வெளிச்சம் மங்குகிற நேரம் செட்டு கரகரத்தது.

"தங்கச்சி... கேக்குதா... படகு கவுந்து கெடக்கு..."

ஜோசப் என் தோளைப் பிடித்தான்.

"...மேல ஒக்காந்திருக்காங்க. நாலு பேரு. நாலு பேரும் இருக்காங்க. ஏத்திக்கிட்டேன்."

எனக்கு அழுகை வரவில்லை. பானு மைக்கை என் கையில் திணித்தாள். எதை அழுத்துவது என்று காட்டினாள். அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள். பிறகு குளிரில் பல் கிட்டித்த குரல் கேட்டது. என் வீட்டுக்காரர் குரல்.

"அமிர்தம்... அந்த எடத்த எவன்டி இவருக்குச் சொன்னது?"

"நாந்தான்" என்றேன். "வூட்டுக்கு வாங்க. வந்து திட்டுங்க."

இரைச்சல் மட்டும் வந்தது. மறுபடி எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. என்னங்க, என்னங்க என்று கூப்பிட்டேன். பொத்தானை விடாமல் அழுத்திக்கொண்டிருந்ததால் எதுவும் கேட்கவில்லை. ஜோசப் என் விரலை எடுத்துவிட்டான்.

"...அழுவுறாரு தங்கச்சி" என்றது சிவபாலன் அண்ணன் குரல். "எங்கூட பேச மாட்டேங்குறாரு. டீயக் குடுத்தேன், அத மட்டும் வாங்கிக் குடிச்சிட்டாரு. அல பெருசா இருக்கு. முகத்துவாரத்துல எல்லாரும் டார்ச்சு அடிச்சுக் காட்டச் சொல்லு. நான் பாத்துப் பாத்துதான் வரணும்."

நான் எழுந்தேன். டார்ச்சு தேடி ஒவ்வொரு வீட்டுக் கதவாகத் தட்டப் போனேன்.