அரணாக்கயிற்றுச் சாவி

அப்பாவைக் கிடத்தியிருந்த குளிர்பெட்டியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த ஜெயஸ்ரீ, மாலையோடு வந்த மதிவாணன் சார் சுவர்க் கடிகாரத்தையே பார்ப்பதைக் கவனித்துவிட்டாள். மணி ஒன்பது இருபது.

“என்ன சார்?”

அவர் காலேஜில் செராமிக் துறைத் தலைவர். அவளுடைய அப்பா பழமலை அங்கே முப்பத்தோரு வருஷம் லேப் உதவியாளர். சார் தொண்டையைச் செருமினார். “பத்து மணிக்கு பைனல் இயர் பிராக்டிகல்மா. வெளியூர் எக்ஸாமினர் வந்து நிக்கிறாரு. லேப் சாவி...”

மிச்சத்தை அவர் சொல்ல வேண்டியதில்லை. போன மாதம் ஆபீசில் மாற்றுச்சாவி ஒரு நாள் காணாமல் போய்க் கிடைத்தது. “இவங்கள நம்பி வக்கிறதுக்கு நாய்கிட்ட குடுக்கலாம்” என்று அப்பா அதையும் வாங்கித் தன் அரணாக்கயிற்றில் கட்டிக்கொண்டார். இரண்டு சாவியும் இப்போது பெட்டிக்குள்.

“ஒடைக்க முடியாதா சார்?”

“அந்தக் காலத்துத் தேக்குக் கதவும்மா. ஒடைக்கணும்னா பல்கலைக்கழகத்துல அனுமதி எழுதி வாங்கணும். இன்னிக்கு நடக்கலன்னா இருபத்தாறு பசங்களுக்கும் ரிசல்ட் நின்னுடும்.”

அந்த லேப் கட்டடத்தின் கதை ஜெயஸ்ரீக்கு மனப்பாடம். முதலில் பீங்கான் பயிற்சிக்கு ஓர் ஓட்டுக் கொட்டகை. அப்புறம் செங்கல் கட்டடம், டிப்ளமோ. பல்கலைக்கழகம் எடுத்துக்கொண்டதும் முதல் மாடியில் ஜியாலஜி, அதற்கு மேலே கம்ப்யூட்டர். அவளைப் பெண் பார்க்க வந்தவர்களுக்கே அப்பா இதை ஒரு மணி நேரம் சொன்னார். அவர்கள் ஜாதகத்தை வாங்காமலே போய்விட்டார்கள்.

இன்று விடியற்காலை நெஞ்சு வலித்தபோதும், “லேப்பத் தொறந்துட்டு வந்து ஆஸ்பத்திரிக்குப் போவலாம்” என்றார். வீட்டைப் பூட்டினாலே இரண்டு தரம் இழுத்துப் பார்க்கிற மனுஷன். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சரிந்தார். அந்தக் கட்டடத்தை இடித்துத் தள்ளலாம் போல ஆத்திரம் அவளுக்கு.

பெரியப்பா சாமிக்கண்ணு துண்டை உதறினார். “கயித்துல யாரும் கை வைக்கக் கூடாது. சுடுகாட்டுலதான் அறுக்கணும். உசுரோட இருந்தப்பத்தான் அந்த பில்டிங்கு எந்தம்பிய வுடல. செத்தும் வுடாதா?”

சார் எழுந்து செருப்பைத் தேடினார். ஒன்பது முப்பத்தைந்து.

“சார், இருங்க. பெரியப்பா, கயித்த அறுக்க மாட்டேன். முடிச்ச மட்டும் அவுக்கறேன்.”

“பொட்டப்புள்ள நீ...”

“அப்பா இருந்தா இந்நேரம் தொறந்திருப்பாரு. மூடியத் தூக்குங்க.”

பெரியப்பா அவள் முகத்தையே பார்த்தார். பிறகு அவரே குனிந்து கண்ணாடி மூடியின் ஒரு முனையைப் பிடித்தார். அம்மா எழுந்து வந்து புடவைத் தலைப்பை மறைப்பாக விரித்தாள்.

முடிச்சு இறுகிக் கிடந்தது. ஜெயஸ்ரீ கொண்டை ஊசியால் நெம்பினாள்; ஊசி வளைந்தது. விரல்கள் மரத்துப்போயின. பல்லால் கடித்து இழுத்தாள். ஒரு சாவி கழன்று வந்தது. கயிறு அறவில்லை.

“இன்னொண்ணு அவங்கிட்டயே இருக்கட்டும்” என்றார் பெரியப்பா.

மூன்றரை மணிக்குப் பாடையைத் தூக்கப் போகையில் சாரின் ஸ்கூட்டர் வந்து நின்றது. “நல்லா முடிஞ்சுதும்மா. ஒரு பையன் பாக்கியில்ல.”

“பூட்டிட்டீங்களா சார்?”

“பூட்டிட்டேன்.”

“ரெண்டு தரம் இழுத்துப் பாத்தீங்களா?”

சார் மறுபடி காலேஜ் பக்கம் ஸ்கூட்டரைத் திருப்பினார்.

பெரியப்பா தூக்க வந்தவர்களிடம் கையைக் காட்டினார்.

“கொஞ்சம் நில்லுங்கப்பா. சார் பாத்துட்டு வந்துடட்டும்.”