வாய் திறந்தால் நீ, மூடினால் நான்

“முதல் பேஸ்ல உயரமான ஆள் வேணும்டா. லைனஸ் என் தோளு வரைக்கும்தான்...”

“உயரம் எதுக்கு? பந்து என்ன மரத்துலயா தொங்குது, எக்கிப் பறிக்க?”

“எறியறவன் தலைக்கு மேல எறிஞ்சா யாருடா புடிப்பா?”

“நீ ஒழுங்கா எறி. இத்தன வருஷமா எனக்கு எறிஞ்சியே, தலைக்கு மேலயா எறிஞ்ச?”

“அத சொல்லல மச்சான், நான் சொல்றது...”

“நீ சொல்றது எனக்குத் தெரியும். நான் முதல் பேஸுக்குப் போகணும். நீயும் அவனும் நடுவுல நின்னு கொஞ்சிக்கணும். அதானே?”

 அலோய்ஸின் இரண்டு கையும் முழங்கை வரை மாவுக் கரைசலில் இருந்தன. ஒரு மீன் துண்டை எடுத்துப் புரட்டி நார்பர்ட் பக்கம் நீட்டினான். நார்பர்ட் அதை வாங்கிக் கொதிக்கிற எண்ணெயில் போட்டான். சண்டை போட்டாலும் கை மாற்றுவதில் இருவருக்கும் பிசகு வராது.

நியூ ஹெய்டன் ஊரில் தவக்கால வெள்ளிக்கிழமைகளில் மாதா கோயில் மண்டபத்துச் சமையலறை பேஸ்பால்காரர்கள் வசம் இருக்கும். மீன் பொரித்து ஊருக்கு விற்பார்கள். அந்தக் காசில்தான் மைதானத்துக்கு மண்ணும் சுண்ணாம்பும் வரும். கடைசி வெள்ளி மட்டும் விசேஷம். அன்று அணித் தலைவன் மண்டபத்தின் முன்னால் வந்து நின்று, வரும் கோடைக்குப் பேஸ்களைக் காக்க உள்வட்டத்தில் நிற்கப்போகிற நான்கு பேரைச் சொல்வான். பெயர் கேட்டவர்கள் ஏப்ரனைக் கழற்றி வைத்துவிட்டு மேடைக்குக் கீழே போட்டிருக்கிற மேஜையில் உட்காரலாம். மற்ற ஆட்டக்காரர்கள் பரிமாறுவார்கள். பெயர் வராதவன் எண்ணெய்ச் சட்டியோடு இருக்க வேண்டியதுதான்.

இன்று அந்தக் கடைசி வெள்ளி. அணித் தலைவன் நார்பர்ட். நால்வரில் இருவரை யோசிக்கவே வேண்டாம் என்று ஊரே நினைத்திருந்தது. இரண்டாம் பேஸில் நார்பர்ட், அதற்குப் பக்கத்தில், மூன்றாம் பேஸுக்குப் போகிற வழியில், ஷார்ட்ஸ்டாப் என்கிற இடத்தில் அலோய்ஸ். நார்பர்ட் கட்டியது அலோய்ஸின் அக்கா வில்மாவை. கல்யாணத்துக்கு முன்பே அவர்கள் இருவருக்கும் நடுவில் அந்த இரண்டாம் பேஸ் இருந்தது. வில்மா கேலி பேசுவாள்: “நான் வந்ததே மூணாவது ஆளாத்தான்.”

கலகம் பிறந்தது லைனஸால். பக்கத்து ஊர் வில்லோ ஃபோர்ட்காரன். அந்த ஊர் அணியோடு இவர்களுக்குப் பரம்பரைப் பகை. போன இலையுதிர் காலத்தில் வில்மாவின் கடைசித் தங்கை கான்னியைக் கட்டிக்கொண்டு இங்கேயே குடிவந்துவிட்டான். ஆக, நார்பர்ட்டுக்கு அவன் சகலை. மாமியார் வீட்டில் இதுவரை நார்பர்ட் ஒருவன்தான் மருமகன். இப்போது மாமியார் சுடுகிற ஆப்பிள் ‘பை’ பலகாரத்தில் பெரிய துண்டு லைனஸ் தட்டுக்குப் போகிறது. அதைக்கூட நார்பர்ட் பொறுத்துக்கொண்டான்.

“போன ஜூலைல அவன் நம்மளுக்கு எதிரா ஆடினான், ஞாபகம் இருக்கா?” என்றான் நார்பர்ட். “நான் அடிச்ச பந்த அந்தரத்துல பாஞ்சு புடிச்சான். நம்ம பெஞ்சுல உக்காந்துக்கிட்டு ஒருத்தன் கை தட்டினான்.”

“நல்லாப் புடிச்சான்டா. தட்டினேன்.”

“எனக்கு ஒரு தடவ தட்டியிருக்கியா?”

“உனக்கு எதுக்குடா தட்டணும்? நீ என் பக்கத்துலதான நிக்கற.”

“பக்கத்துல நிக்கறவன் தெரியமாட்டான். எதிர்ல பாயறவன் தெரிவான். சரிதான்.”

பாத்திரம் கழுவும் தொட்டியில் நின்றிருந்த அர்பன் சிரிப்பை அடக்கத் தண்ணீரை வேகமாகத் திறந்துவிட்டான். மூன்றாம் பேஸ்காரன். ஆள் வாசல்நிலை உயரம். வாயில் வார்த்தை வாங்க முடியாது.

“அர்பன், நீ சொல்லு,” என்றான் அலோய்ஸ்.

“எனக்கு எங்க நின்னாலும் சரி,” என்றான் அர்பன். “வெயில் கண்ணுல படாம இருந்தா.”

அப்போது லைனஸ் எலுமிச்சம்பழக் கூடையோடு உள்ளே வந்து, மூலை மேஜையில் நறுக்க உட்கார்ந்தான்.  எண்ணெய் மட்டும் பேசியது. நார்பர்ட் ஓரக்கண்ணால் அவன் கைகளைப் பார்த்தான். ஒரு விரலும் கோணவில்லை. நார்பர்ட்டின் வலது கையில் மூன்று விரல்கள் மூன்று திசை பார்க்கும். எல்லாம் அலோய்ஸ் எறிந்த பந்தைப் பிடித்ததில் வந்தவை. அந்தக் கோணல் விரல்கள் அன்றைக்கு அவனுக்கு நகை மாதிரி இருந்தன.

மண்டபத்துச் சன்னலில் வில்மாவின் தலை தெரிந்தது. “உருளைக்கிழங்கு தீந்துபோச்சு. ஃபாதர் வெறும் தட்ட வெச்சுக்கிட்டு நிக்கறாரு. யாராவது எடுத்துட்டு வாங்க.”

மாவுக் கையோடு அலோய்ஸ் திரும்பினான். ஒரு வார்த்தை பேசாமல் வாயை ஆவென்று திறந்தான்.

அது அவர்கள் சாடை. முதல் பேஸில் நிற்கும் எதிராளி திருட்டோட்டமாக இரண்டாம் பேஸுக்கு ஓடிவந்தால், அங்கே போய் நின்று பந்தை வாங்க வேண்டியது யார், நார்பர்ட்டா அலோய்ஸா? இரண்டு பேரும் போனால் கூத்து, இரண்டு பேரும் போகாவிட்டால் மானக்கேடு. ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் அலோய்ஸ் கையுறையால் முகத்தை மறைத்து, நார்பர்ட்டுக்கு மட்டும் தெரிகிற மாதிரி வாயைக் காட்டுவான். திறந்தால் நீ போ, மூடினால் நான் போகிறேன். நாளாக நாளாக அது மைதானத்தை விட்டு வெளியே வந்துவிட்டது. சீட்டாட்டத்தில் அதுதான். மாமனார் இறந்தபோது பெட்டியின் முன்பக்கத்தை யார் தூக்குவது என்பதற்கும் அதுதான்.

நார்பர்ட் கரண்டியை வைத்துவிட்டு அடுப்பின் மேலிருந்த உருளைக்கிழங்குத் தட்டை எடுத்துத் திரும்பினான். திரும்பிய வேகத்தில் எதிரே ஒரு தோள் வந்து இடித்தது. தட்டு கவிழ்ந்தது. சூடான உருளைக்கிழங்குகள் தரையெல்லாம் ஓடின.

லைனஸ். கத்தியை அப்படியே மேஜையில் போட்டுவிட்டு அதே தட்டுக்காக எழுந்து வந்திருந்தான்.

“மன்னிச்சுக்கங்க சகலை. என்னக் கூப்பிட்டாருன்னு நெனச்சேன்.”

“யாரு கூப்பிட்டா?”

“அலோய்ஸ் மச்சான். வாயத் தொறந்தாரே.”

நார்பர்ட் அலோய்ஸைப் பார்த்தான். அலோய்ஸ் மீனைப் பார்த்தான்.

“அது இவனுக்கு எப்படித் தெரியும்?”

“தெரியும்,” என்றான் அலோய்ஸ். “அதுக்கு என்ன இப்போ.”

“எப்படித் தெரியும்னு கேட்டேன்.”

“பனிக்காலத்துல என் கொட்டகையில கொஞ்சம் எறிஞ்சு பழகினோம். ஞாயித்துக்கிழமைகள்ல.”

“ஞாயித்துக்கிழமையா? நான் அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் வெளிச்சம் தெரிஞ்சுதே. டிராக்டர் ரிப்பேர்னு சொன்னியே.”

“ரிப்பேரும் பாத்தோம்.”

“நானும் வரேன்னு சொன்னதுக்கு, ‘வேணாம்டா, குளிரு, உனக்கு முட்டி வலிக்கும்’னு சொன்னியே.”

“வலிக்குமே.”

வில்மா துடைப்பத்தோடு உள்ளே வந்தாள். தரையைப் பார்த்தாள், மூன்று முகங்களையும் பார்த்தாள்.

“டேய் அலோய்ஸ், என்னடா பண்ணின?”

“அக்கா, நான் வாயத்தான் தொறந்தேன்.”

“அதத் தொறந்தா எப்பவும் வம்புதான்.” கணவன் பக்கம் திரும்பினாள். “நார்பர்ட், ஒரு பார்ட்டில ஒரு டாக்டர்கூட முழுப் பாட்டுக்கும் நான் ஆடினேனே, அப்பகூட உன் மூஞ்சி இப்படிப் போகல.”

“அவரு ஒரு பாட்டோட போயிட்டாரு. இது பனிக்காலம் பூரா நடந்திருக்கு.”

அர்பன் தண்ணீரை இன்னும் வேகமாகத் திறந்துவிட்டான்.

நார்பர்ட் பின்கதவைத் திறந்து வெளியே போனான். சுவரோரம் ஒதுக்கிய பனி அழுக்குப்பிடித்துக் கிடந்தது. கொட்டகை வெளிச்சம் கண்முன் வந்தது. இருவரும் சிரித்திருப்பார்கள். இடைவேளையில் காபி குடித்திருப்பார்கள், அலோய்ஸின் சிவப்புப் பிளாஸ்கிலிருந்து, அதன் மூடியில் மாற்றி மாற்றி. ‘உன் பக்கத்துல நின்னு ஆடறது சுகமா இருக்குடா’ என்று அலோய்ஸ் அவனிடமும் சொல்லியிருப்பானோ?

கதவு திறந்தது. லைனஸ் நார்பர்ட்டின் கோட்டைக் கொண்டுவந்திருந்தான்.

“குளிருது சகலை. போட்டுக்கங்க.”

நார்பர்ட் வாங்கிக்கொண்டான். போட்டுக்கொள்ளவில்லை.

“ஒண்ணு கேக்கறேன். நீ இரண்டாம் பேஸ்ல எப்பவாவது நின்னிருக்கியா?”

“இல்லீங்க. சின்ன வயசுலேருந்து ஷார்ட்ஸ்டாப்தான். வேற எங்கயும் நின்னதில்ல.”

“பின்ன எதுக்கு என் இடத்துக்கு வர்ற?”

லைனஸ் முழித்தான். “நீங்கதான விடறீங்க? முட்டி முடியல, இந்த வருஷம் முதல் பேஸுக்குப் போயிடறேன்னு நீங்களே சொன்னதா மச்சான் சொன்னாரு. கிறிஸ்துமஸ் சமயத்துலயே. அதனாலதான் எனக்கு அந்தப் பக்கத்துக் காலடியெல்லாம் சொல்லிக்குடுத்தாரு. ஏன், நீங்க சொல்லலியா?”

நார்பர்ட் யாரிடமும் அப்படிச் சொன்னதே இல்லை. பந்து கையில் வந்து உட்கார்கிற மாதிரி விஷயம் வந்து உட்கார்ந்தது. அலோய்ஸுக்கு லைனஸ் மேல் மோகம் ஒன்றும் இல்லை. பயம். ஊரில் இன்னொரு ஷார்ட்ஸ்டாப் வந்து இறங்கிவிட்டான், தன்னைவிட இளையவன், கால் வேகமானவன். அவனைப் பக்கத்து இடத்துக்குத் தள்ளிவிட்டால் தன் இடம் தப்பும். தள்ளுவதற்கு வழியில் நின்றவன் நார்பர்ட். அதற்காகச் சாடையையும் எடுத்துக் கொடுத்துவிட்டான்.

நார்பர்ட்டுக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இல்லை. லைனஸ் மேல் ஆசைப்பட்டுத் தன்னைக் கைவிட்டிருந்தால்கூட ஒருமாதிரி மனசு ஆறியிருக்கும்.

“அவன் என்ன அப்படி நல்லா எறியறானா, கொட்டகையில?”

“யாரு, மச்சானா? கை பலம் இருக்கு சகலை. மூணாம் பேஸ்லேருந்து எறிஞ்சாகூட முதல் பேஸுக்கு நேரா போயிரும். தரையோட வர்ற பந்துக்குக் குனியறதுதான் கொஞ்சம் சிரமமாயிருக்கு அவருக்கு.”

நார்பர்ட் அவனை முதல்முறையாக நேராகப் பார்த்தான். பிறகு கோட்டைப் போட்டுக்கொண்டான்.

ஃபாதர் கரண்டியால் டம்ளரைத் தட்டினார். மண்டபம் அமைதியானது. ஆட்டக்காரர்கள் ஏப்ரனோடு சமையலறை வாசலில் வந்து நின்றார்கள். அலோய்ஸ் கை கழுவி, தலை சீவியிருந்தான். நார்பர்ட் முன்னால் போய் நின்றான். மாமியார் ஆப்பிள் பை வைத்த மேஜைக்குப் பின்னாலிருந்து கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தாள்.

“முதல் பேஸ்,” என்றான் நார்பர்ட். “அர்பன்.”

மண்டபத்தில் சலசலப்பு. அர்பன் ஏப்ரன் முடிச்சோடு போராடினான். “வெயில் முதுகுப்பக்கம்தான?” என்று யாரையோ கேட்டுக்கொண்டே வந்து உட்கார்ந்தான்.

“இரண்டாம் பேஸ், நான்.”

கைதட்டல். அலோய்ஸ் தோளைக் குலுக்கிக்கொண்டான். பரவாயில்லை என்கிற குலுக்கல். ஏப்ரனை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு எட்டு முன்னால் வைத்தும்விட்டான்.

“ஷார்ட்ஸ்டாப்,” என்றான் நார்பர்ட். இங்கே கொஞ்சம் நிறுத்தினான். நிறுத்தாமல் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. “லைனஸ்.”

யாரும் கைதட்டவில்லை. கான்னி மட்டும் ஆரம்பித்து, அண்ணனைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். அலோய்ஸ் வைத்த காலைப் பின்னால் எடுக்கவும் இல்லை, முன்னால் போகவும் இல்லை.

“மூணாம் பேஸ், அலோய்ஸ். கை பலம் உள்ள ஆள் அங்க வேணும்.”

வில்மா சாப்பாட்டுத் தட்டுகளோடு வந்தவள் கணவன் காதருகே குனிந்தாள். “இது அணிக்காகச் செஞ்சியா, ஆத்திரத்துல செஞ்சியா?”

“அணிக்கு நல்லதுதான்.”

“அத நான் கேக்கல,” என்று சொல்லிவிட்டு அடுத்த மேஜைக்குப் போய்விட்டாள்.

நான்கு பேரும் மேஜையில் உட்கார்ந்தார்கள். ஒரு பக்கம் நார்பர்ட்டும் லைனஸும், எதிர்ப்பக்கம் அலோய்ஸும் அர்பனும். அர்பன் மட்டும் சாப்பிட்டான். அலோய்ஸ் மீனை முள்கரண்டியால் பிய்த்துக்கொண்டே இருந்தான்.

“டிராக்டர் ரெடியாயிருச்சா?” என்று நார்பர்ட் கேட்டான்.

“ஆயிருச்சு,” என்றான் அலோய்ஸ். “இனிமே ஞாயித்துக்கிழமை எனக்கு வேல இல்ல.”

“எனக்கு இருக்கு. இவனோட எறிஞ்சு பழகணும். பள்ளிக்கூட ஜிம் சாவிய ஃபாதர்கிட்ட கேட்டிருக்கேன்.”

கேட்டிருக்கவில்லை. அலோய்ஸின் காது நுனி சிவப்பதைப் பார்ப்பதற்காகச் சொன்னது. சிவந்தது. நார்பர்ட் தன் மீன் தட்டைத் தள்ளி வைத்தான்.

உப்புக் குப்பி மேஜையின் அந்தக் கோடியில், நால்வருக்கும் எட்டாமல் இருந்தது. அலோய்ஸ் தலையைத் தூக்கினான். பழக்கத்தில் வாய் பாதி திறந்துவிட்டது. உடனே மூடிக்கொண்டு, தானே எழுந்து போய் எடுத்துவந்தான். மேஜை நடுவில் வைத்தான். யாரும் அதைத் தொடவில்லை.

லைனஸ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். நல்ல பையன். பேசாமல் இருப்பது மரியாதையில்லை என்று அவனுக்குப் பட்டிருக்க வேண்டும். நார்பர்ட் பக்கம் திரும்பி, மேஜை முழுக்கக் கேட்கிற குரலில் கேட்டான்:

“நம்ம ரெண்டு பேருக்கும் அதே சாடையே இருக்கட்டுமா சகலை, இல்ல புதுசா ஒண்ணு வெச்சுக்கலாமா?”