பதினான்காம் வீட்டின் புள்ளி

மனைவியின் முகம் அவனுக்கு மறக்கவில்லை. குரல்தான் நழுவிக்கொண்டிருந்தது.

முதலில் அவன் அதைக் கவனிக்கவில்லை. ஒரு நாள் காலை பல் தேய்த்துக்கொண்டிருக்கையில், அவள் குளியலறைக் கதவைத் தட்டி "இன்னும் எவ்வளவு நேரம்?" என்று கேட்பதை நினைத்துப் பார்த்தான். தட்டும் சத்தம் வந்தது. வார்த்தைகளும் வந்தன. ஆனால் அவற்றைச் சொன்னது அவன் குரல்.

அன்றிலிருந்து தேடினான். கல்யாண வீடியோவில் அவள் வாய் ஓயாமல் அசைகிறது. வீடியோக்காரர் முதலிலிருந்து கடைசிவரை பாட்டைப் போட்டு மூடியிருந்தார். செல்போனில் எழுத்துச் செய்திகள் மட்டும். குரல் அனுப்புவது அவளுக்குப் பிடிக்காது. "பேசறதுன்னா எதிர்ல உக்காந்து பேசணும். காத்துக்குப் பேச நான் என்ன ரேடியோவா?" என்பாள். எதிரில் உட்கார்ந்து நிறையவே பேசினாள். அதை யாரும் பதிவு செய்யவில்லை என்றுதான் அவன் நினைத்திருந்தான்.

இரண்டு பேருக்கும் ஒரே கல்லூரி. அவள் மொழியியல், அவன் புள்ளியியல். ஒரு திங்கட்கிழமை, பாடத்தின் நடுவில், கரும்பலகையில் கை ஊன்றியபடி சரிந்தாள். தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். அதற்குப் பிறகு ஒரு மழைக்காலம் போய்விட்டது. அவன் விடுப்பு முடிந்து வந்து, பாடம் நடத்தி, தாள் திருத்தி, வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தான். யாராவது எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் "இருக்கேன்" என்பான். அதில் பொய் இல்லை.

மாணவர் ஆய்வு நாள் நெருங்கினால் கல்லூரியில் எல்லாப் பாதையும் அவன் அறைக்கு வரும். மாடிப்படிக்கும் கழிப்பறைக்கும் நடுவில் இருந்த சின்ன அறை. வேதியியலோ வரலாறோ, கையில் எண்ணோடு வருகிறவர்கள் எல்லாரும் அந்த வாசலில்தான் நிற்க வேண்டும். முதுகுக்குப் பின்னால் அவனுக்கு 'சராசரி' என்று பெயர். சில பேர் முகத்துக்கு நேராகவே 'சராசரி சார்' என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வார்கள்.

அன்றைக்கு முதலில் வந்தவன் வரலாற்று மாணவன். கல்லறைகளில் பொறித்த வயதுகளைத் திரட்டி, எந்தக் காலத்தில் எத்தனை வயதுவரை வாழ்ந்தார்கள் என்று கணக்குப் போடுகிறவன்.

"சார், ஒருத்தர் இருநூத்தி எட்டு வயசுல செத்திருக்கார்."

"அவரு சாகல. கல் கொத்தினவர் தூங்கிட்டார். எடுத்திடு."

"தொண்ணூத்தி ஒம்போது ஒண்ணு இருக்கு. அதையும் எடுத்திடட்டுமா? கோடு அழகா வரும்."

"கோடு அழகா வரணும்னா ஸ்கேல் வெச்சுப் போடு. அளவுல தப்புன்னா எடுக்கலாம். தள்ளி நிக்குதுன்னு எடுக்கக் கூடாது. ஒருத்தர் அவ்வளவு நாள் வாழ்ந்தது உனக்கு இடைஞ்சலா இருந்தா அவர் என்ன பண்ணுவார்?"

இதை ஒவ்வொரு வருடமும் முதல் வகுப்பிலேயே சொல்லுவான். தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்லுவான்.

அடுத்து வந்தவள் சுருட்டை. தலைமுடியைப் பார்த்து அவன் மனைவி வைத்த பெயர். மனைவியின் கடைசி ஆய்வு மாணவி. மடிக்கணினியை மார்போடு அணைத்துக்கொண்டு, உட்காரலாமா என்று தெரியாமல் நின்றாள். அவன் கையைக் காட்டினான்.

அவளுடைய ஆய்வு எளிமையானது. பதினான்கு வீடுகள், ஒவ்வொன்றிலும் ஒரு தம்பதி. சாப்பாட்டு மேசையில் ஒரு வாரத்துக்கு ஒரு சின்ன ஒலிப்பதிவுக் கருவி. ஒருவர் பேசி முடித்ததற்கும் மற்றவர் ஆரம்பிப்பதற்கும் நடுவே எத்தனை நேரம் என்று அளப்பது. சேர்ந்து வாழ்ந்த வருடங்கள் கூடக் கூட அந்த இடைவெளியும் கூடுகிறதா என்பது கேள்வி.

"கூடுது சார். பதிமூணு வீட்ல கூடுது. இந்தப் பதினாலுதான்..."

திரையில் பதிமூன்று புள்ளிகள் கயிற்றில் கோத்த மாதிரி மேலேறின. ஒன்று மட்டும் இடது மூலை உச்சியில் தனியாக நின்றது. கல்யாணமாகிக் கொஞ்ச வருடம்தான்; எல்லா வீட்டையும்விட நீளமான இடைவெளி.

"யார் எடுத்தது?"

"மேடமே எடுத்தாங்க சார். கடைசி நேரத்துல ஒரு வீடு விலகிடுச்சு. மேடம் வேற ஒரு வீடு பிடிச்சு, அவங்களே அளந்து, எண்ணை மட்டும் எங்களுக்கு அனுப்பி, ஆடியோவை ஆய்வு வன்தட்டுல போட்டுட்டாங்க. நாங்க கேக்கல. அளக்காதவங்க கேக்கக் கூடாதுன்னு அவங்க ரூல்."

அவன் எண்களை உருட்டிப் பார்த்தான். முதல் ஆளின் பேச்சு நீளநீளமாக இருந்தது. இரண்டாவது ஆளுடையது எல்லாம் அரை வினாடித் துண்டுகள். எல்லாவற்றுக்கும் எதிரே மனைவி ஒரே எழுத்தைத்தான் குறித்திருந்தாள்: ம்.

"மைக்கைத் தூரமா வெச்சிருப்பாங்க. ரெண்டாவது ஆள் குரல் பிடிக்கல. துண்டுதான் விழுந்திருக்கு. மனுஷன் இப்படிப் பேச மாட்டான்."

"அப்போ அளவுல தப்பா சார்?"

வாசலில் மண்புழு எண்ணிய விலங்கியல் பெண்கள் இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். அவனுக்குத் தலை வலித்தது.

"தப்புதான். எடுத்திடு."

"எடுத்தா ஆடியோவையும் அழிக்கணும் சார். விலக்கின வீட்டை அன்னைக்கே அழிச்சிடணும், சாட்சிக்கு ஒருத்தர் கூட இருக்கணும்னு மேடம் சொல்வாங்க. அவங்க பேச்சை நம்மகிட்ட ஒரு வேலைக்காகக் குடுத்தாங்க, வேலை இல்லன்னா வெச்சுக்க நமக்கு உரிமை இல்லன்னு." பையிலிருந்து வன்தட்டை எடுத்தாள். "இப்பவே பண்ணிடவா சார்?"

"ம்," என்றான்.

அவள் வன்தட்டைச் செருகினாள். திரையில் ஒரு பச்சைக் கோடு மெதுவாக நிறைந்தது. அதற்குள் அவன் மண்புழுக்களுக்குப் போய்விட்டான்.

ஞாயிற்றுக்கிழமை மச்சினி வந்தாள். மனைவியின் தங்கை. பல் டாக்டர் ஒருவரிடம் வரவேற்பு வேலை. வாரம் ஒரு தடவை சாப்பாடு கொண்டுவந்து, வீட்டைத் திட்டிக்கொண்டே பெருக்கி, அக்காவின் அலமாரியைத் திறந்து, ஒன்றும் எடுக்காமல் மூடிவிட்டுப் போவாள்.

"மாமா, இந்த ஃபேன் எப்ப மாமா சரியாகும்? ரயில் ஓடுற மாதிரி இருக்கு."

"பண்ணணும்."

"போன வருஷமும் இதைத்தான் சொன்னீங்க. குரலாவது மாத்திச் சொல்லுங்க."

இரண்டு பேரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். அவள் எதையாவது பேசச் சொல்லி அவனைப் பார்த்துக்கொண்டேயிருந்தாள். பாவமாக இருந்தது. அவளுக்காகவே அவன் எதையோ தேடிப் பிடித்தான்.

"காலேஜ்ல ஒரு வேடிக்கை. ஒரு வீட்ல சாப்பிடறப்ப ரெக்கார்ட் பண்ணியிருக்காங்க. ஒருத்தர் பேசறார், பேசறார், பேசிட்டே இருக்கார். எதிர்ல இருக்கிற ஆள் 'ம்'. கடைசி வரைக்கும் 'ம்' தான். எருமைமாட்டைக் கட்டி வெச்சு ரெக்கார்ட் பண்ணாங்களோ என்னவோ."

மச்சினி சிரித்தாள். அவன் உதட்டிலும் ஏதோ அசைந்தது. மாதக்கணக்கில் பழகாத அசைவு. பிறகு அவள் சிரிப்பு பாதியில் நின்றது.

"மாமா."

"ம்?"

"அது நீங்க."

அவன் நிமிர்ந்தான்.

"அக்கா போன்ல சொல்லிச் சொல்லிச் சிரிச்சா மாமா. 'ஒரு வீடு குறைஞ்சிடுச்சு, நம்ம வீட்லயே வெச்சுட்டேன்டி. கையெழுத்து போடுன்னா படிக்காம போடறான், கல்லுளிமங்கன். உப்பு ஜாடி பக்கத்துலயே இருக்கு, என்னன்னு ஒரு கேள்வி இல்ல. அளந்து பாத்தா முழுக்க ம்'னு..." அவள் சோற்றுக் கையோடு எழுந்துவிட்டாள். "மாமா, அப்போ அக்கா குரல் இருக்கும்ல? அதுல இருக்கும்ல?"

உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி. அவனுக்கு ஞாபகம் வந்தது. சார்ஜர் என்று நினைத்திருந்தான்.

"நாளைக்குப் பாக்கறேன்," என்றான். கை கழுவப் போய்க் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றான்.

மறுநாள் காலை சுருட்டையிடம் வன்தட்டை வாங்கினான். ஒரு சரிபார்ப்பு வேலை இருக்கிறது என்றான். சார் கேட்டால் சரி என்று கொடுத்துவிட்டாள். கணினித் துறையின் டெக்னீஷியன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அரை மணி நேரம் தோண்டினார்.

"யாரு சார் இதை அழிச்சது? சும்மா டெலீட் பண்ணியிருந்தா எடுத்திடலாம். இது மேலேயே திரும்பத் திரும்ப எழுதி அழிச்சிருக்கு. அதுக்குன்னே ஒரு மென்பொருள் போட்டு வெச்சிருக்காங்க. மொழியியல் மேடம் என்கிட்டதான் கேட்டு வாங்கினாங்க, யாராலயும் எடுக்க முடியாததா வேணும்னு."

"கொஞ்சம்கூட வராதா?"

"சாம்பலைக் கொண்டுவந்து விறகைக் கேக்கறீங்க சார்." சொல்லிவிட்டு, எதிரில் நிற்பது யார் என்பது நினைவுக்கு வந்து, கண்ணாடியைக் கீழே இறக்கினார். "மன்னிச்சுக்குங்க."

"பரவால்ல," என்றான்.

ஒலிப்பதிவுக் கருவியிலும் இல்லை. அதை மனைவிக்குப் பின் வேறு மாணவர்கள் எடுத்து, ஒரு பள்ளி மைதானத்தின் இரைச்சலைப் பதிந்து நிரப்பியிருந்தார்கள்.

படிக்கட்டில் நின்று மச்சினிக்குப் போன் செய்தான்.

"இல்லம்மா. அழிச்சாச்சு."

"யாரு அழிச்சா?"

"நான். நான்தான் அழிக்கச் சொன்னேன். பக்கத்துலயே இருந்தேன்."

மறுமுனையில் யாரோ பல் வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவள் வைக்கவும் இல்லை. அவனும் வைக்கவில்லை.

"அந்தப் பொண்ணுக்குத் தெரியுமா மாமா?"

"தெரியாது."

"சொல்லிடாதீங்க. பாவம், அதுக்கு அக்கான்னா உயிரு." மூக்கை உறிஞ்சினாள். "வெக்கறேன். ஆள் நிக்குது."

அன்று மாலை சுருட்டையை வரச் சொன்னான்.

"பதினாலை மறுபடி சேத்துடு."

"சார், சுவரொட்டி அச்சுக்குக் குடுக்கப் போறேன். அதைச் சேத்தா என் முடிவே நிக்காது. சும்மா 'இருக்கலாம்'னுதான் சொல்ல முடியும்."

"அப்போ 'இருக்கலாம்'னு சொல்லு."

"நீங்கதானே சார் அளவுல தப்புன்னீங்க?"

"தப்பு என்னோடது. மைக் சரியாத்தான் இருந்திருக்கு. விசாரிச்சேன். அந்த ஆளு அப்படித்தான் பேசுவாராம்."

அவள் வாயைத் திறந்தாள். யாரிடம் விசாரித்தீர்கள் என்று கேட்க வந்திருக்க வேண்டும். அவன் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். "ஆடியோவை அழிச்சிட்டோமே சார்," என்றாள்.

"எண் இருக்குல்ல. அது போதும்."

ஆய்வு நாளன்று பெரிய கூடம் முழுவதும் சுவரொட்டிகள் தொங்கின. சாயக் கழிவைச் சுத்தம் செய்யும் பாசிக்குப் பக்கத்தில் கல்லறை வயதுகள். அதற்குப் பக்கத்தில் பஸ் கட்டணமும் பள்ளிக்கு வராத பிள்ளைகளும். மாணவர்கள் இஸ்திரி போட்ட சட்டையில், மனப்பாடம் செய்ததை முணுமுணுத்தபடி நின்றார்கள். வேறு கல்லூரியிலிருந்து வந்த நடுவர் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். சுருட்டையின் சுவரொட்டி முன்னால் நின்றார். அவன் ஒரு தூணோரமாக நின்றான்.

நடுவர் பேனா முனையால் மூலைப் புள்ளியைத் தொட்டார். "இது என்னம்மா, ஊரோட ஒட்டாம? இதை எடுத்திருந்தா உன் வேலை சுத்தமா இருந்திருக்குமே."

"எடுத்தோம் சார். மறுபடி சேத்துட்டோம். தள்ளி நிக்குதுன்னு எடுக்கக் கூடாதுன்னு எங்க சார் சொல்வார்."

"சரி. அப்போ இதை எப்படிப் புரிஞ்சுக்கறே? புருஷன் பொண்டாட்டி சண்டையா?"

"முதல்ல நானும் அப்படித்தான் நெனச்சேன். இல்லைன்னு தோணுது. சண்டை போடற வீட்ல இடைவெளியே இருக்காது, ஒருத்தர் மேல ஒருத்தர் ஏறிப் பேசுவாங்க. இங்க முதல் ஆள் ஒவ்வொரு தடவையும் நிறுத்தறாங்க. பதில் வர்ற வரைக்கும் விடறாங்க. 'ம்' னு ஒண்ணு வருது. அதுக்கப்புறமும் கொஞ்சம் விடறாங்க சார். இன்னும் ஏதாவது வருமான்னு. வரல. அப்புறம்தான் அடுத்ததை ஆரம்பிக்கறாங்க. கடைசி நாள் வரைக்கும் அந்த விடறது குறையல."

நடுவர் தலையாட்டி எதையோ குறித்துக்கொண்டு பாசிக்குப் போனார்.

அவன் தூணை விட்டு வந்தான். சுருட்டை அவன் பக்கம் திரும்பினாள். "சரியாச் சொன்னேனா சார்?"

ஒரு 'ம்' தொண்டைவரை வந்தது. அதை விழுங்கினான். அவள் காத்திருந்தாள்.

"நல்லாச் சொன்னேம்மா. அளந்தது நீ இல்லன்னாலும் நல்லாப் பாத்திருக்கே. உங்க மேடம் இருந்தா சந்தோஷப்பட்டிருப்பாங்க."

அவள் கண் கலங்கியது. சுவரொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கூடத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"சார், ஒண்ணு மட்டும் உறுத்துது. அந்த வீட்ல ஒரு வாரம் பூரா அவ்வளவு பேசியிருக்காங்க. எத்தனை நொடின்னு இருக்கு. என்ன பேசினாங்கன்னு எங்கயும் இல்ல. என்னவா சார் இருக்கும்?"

அவன் அந்தப் புள்ளியைப் பார்த்தான். அந்த வாரம் முழுக்க அவன் அந்த மேசையில்தான் இருந்தான். கடகடக்கும் ஃபேனுக்குக் கீழே, உப்பு ஜாடிக்கு இந்தப் பக்கம், தட்டைப் பார்த்துக்கொண்டு. துவைத்த துணியைப் பற்றியா? ஊருக்குப் போவதைப் பற்றியா? அவள் கை அசைவது தெரிந்தது. தண்ணீர் குடிக்க நிறுத்துவது தெரிந்தது. ஒரு வாக்கியம், ஒரே ஒரு வாக்கியம் வருமா என்று நின்று பார்த்தான்.

"தெரியலம்மா," என்றான்.

"பரவால்ல சார். அங்க இருந்தவங்களுக்குத்தானே தெரியும்," என்று சொல்லிவிட்டு, சுவரொட்டியில் பெயர்ந்து தொங்கிய மூலையை மறுபடி ஒட்டுவதற்கு அவள் டேப்பைத் தேடினாள்.