பலகாரச் சூடு

தங்கை பத்மாவதி காரைவிட்டு இறங்கித் தன்னைத் தேடி வந்ததைக் கனகேஸ்வரியால் நம்பவே முடியவில்லை. அக்கா மனநோய் ஆஸ்பத்திரியில் கிடந்த காலத்தில் எட்டிக்கூடப் பார்க்காதவள் அவள். சுங்கை பினாங்கில் இருந்த இந்த மறுவாழ்வு இல்லத்துக்கு அக்கா வந்த பிறகும், தீபாவளிக்கு ஒரு சேலையை டிரைவர் இஸ்மாயில் கையில் கொடுத்தனுப்பிக் கடமையை முடித்துக்கொண்டவள்.

"மகளுக்குக் கலியாணம், அக்கா. வெள்ளிக்கிழமை பலகாரச் சூடு. நீங்கள் வராமல் எப்படி?" என்றாள் பத்மாவதி.

யாழ்ப்பாணத்தார் வீட்டுக் கலியாணத்தில் பலகாரச் சூடு லேசுப்பட்ட காரியமல்ல. சொந்தக்காரப் பெண்கள் கூடி, தங்கள் கையால் சுட்டால்தான் அது சுபம். கூப்பிடாத வீட்டுக்கு அதன் பிறகு முகம் கொடுக்க மாட்டார்கள். நோய் வருவதற்கு முன்பு பினாங்கில் எந்த வீட்டுக் கலியாணமானாலும் பயத்தம் பணியாரத்துக்குக் கனகேஸ்வரியைத்தான் தேடுவார்கள். மிளகை மாவாக்காமல் ஒன்றிரண்டாக இடித்துப் போடுவது அவள் கை வழக்கம். பிறகு விசர், பைத்தியம் என்று பெயர் வந்தது. அடுப்படியும் போயிற்று, ஆட்களும் போனார்கள்.

இல்லத்தை நடத்திய புஷ்பவள்ளிதான் மறுபடி அவளை அடுப்பருகே நிறுத்தியவள். மாத்திரையால் கை நடுங்கிப் பாகு சிந்தும். "சிந்தட்டும்கா, துடைச்சிக்கலாம்" என்பாள். சிந்திச் சிந்தித்தான் அந்தக் கை திரும்பி வந்தது.

கெலுகோரில் பத்மாவதி வீட்டுப் பின்கட்டில் பெண்கள் நிறைந்திருந்தார்கள். "வாங்கோ, வாங்கோ" என்று பெரியம்மா நல்லம்மா வாய் நிறையச் சிரித்தாள். விழுந்து விழுந்து உபசரித்தார்கள். தண்ணீர்கூட அவளை எடுக்க விடவில்லை. கனகேஸ்வரி பயத்தம் மாவைப் பாகில் குழைத்து உருட்டி, தேங்காய்ப்பால் கரைசலில் தோய்த்து எண்ணெயில் விட்டாள். ஒரு துளி சிந்தவில்லை. புஷ்பவள்ளி பார்க்க வேண்டுமே என்று மனம் அடித்துக்கொண்டது.

முதல் பணியாரங்களைப் பிள்ளையாருக்குப் படைத்துவிட்டுத் தட்டோடு வந்தாள். பெரியம்மாவுக்குச் சீனி வருத்தமாம், இனிப்பு கூடாதாம். பக்கத்தில் இருந்தவளுக்குப் பல்வலியாம். இன்னொருத்திக்கு வெள்ளி விரதமாம். வேறொரு மூலையில் சுட்ட சீனி அரியதரத்தை இதே வாய்கள் சற்று முன்னால் மென்றுகொண்டிருந்தன. கனகேஸ்வரி அதைப் பார்க்காமல் இல்லை. பார்த்தும் நம்ப மறுத்தாள். கூப்பிட்டார்களே, அது போதாதா?

போகும்போது பத்மாவதி மெதுவாக வந்து கையைப் பிடித்தாள். "கலியாணத்தண்டு சரியான கூட்டம், அக்கா. மாப்பிள்ளை வீட்டார் கோலாலம்பூரிலயிருந்து பஸ் பிடிச்சு வருகினம். உங்களுக்குத் தலை சுத்தும். நீங்கள் ரெஸ்ட் எடுங்கோ, என்ன?"

சொல்ல வருவது விளங்காத அளவுக்கு அவள் முட்டாளில்லை. "என்ர பணியாரம் மாப்பிள்ளை வீட்டுத் தட்டில போகும்தானே?" என்று மட்டும் கேட்டாள்.

"போகாமல்? அதுதானே முதல் தட்டு!"

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு கலியாண நாளை அவள் இல்லத்தில் கழித்தாள். தான் போகாவிட்டால் என்ன, தன் கை போகிறது. மாப்பிள்ளையின் தாய் ஒன்றைக் கடித்துவிட்டு, யார் சுட்டது என்று கேட்காமலா இருப்பாள்?

மறுநாள் இஸ்மாயில் இரண்டு பெரிய பிஸ்கட் டின்களோடு வந்து நின்றான். "அம்மா குடுத்தாங்க. இங்க உள்ள நோயாளிங்களுக்கு டொனேஷன்" என்றான்.

சுங்கை பினாங் பையன்தான் என்றாலும் வீட்டில் சேர்க்காததால் இல்லத்திலேயே தங்கியிருந்த ஜெயராஜ், மூடியைத் திறந்து ஒன்றை வாயில் போட்டான். "அக்கா, சுவை அப்படியே உங்க கை மாதிரியே இருக்குலா!"

கனகேஸ்வரி எட்டிப் பார்த்தாள். அன்று அவள் டின்னில் அடுக்குக்கு இடையே வைத்த வாழையிலைத் துண்டுகூட அசையவில்லை. ஜெயராஜ் எடுத்த ஒன்றைத் தவிர, டின் விளிம்பு வரைக்கும் அப்படியே இருந்தது.

"மாப்பிள்ளை வீட்டுத் தட்டுக்கு?" என்று கேட்டாள்.

"அதுக்குக் கடையில ஆர்டர் பண்ணிட்டாங்க. இது தொடாம மிச்சம்" என்றான் இஸ்மாயில். சூது தெரியாத மனிதன்.

ஆத்திரத்தில் டின்னைத் தூக்கி வடிகாலில் வீசலாமா என்றிருந்தது. அதற்குள் கூடத்தில் எல்லோரும் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். பேசவே பேசாத மீனாட்சி மூன்றாவதற்குக் கை நீட்டினாள். கனகேஸ்வரி தானும் ஒன்றை எடுத்துக் கடித்தாள். மிளகு சுருக்கென்றது. பதம் பிசகவே இல்லை. அதுதான் அவளை அழவைத்தது.

யார் எதைக் கொடுத்தாலும் இல்லத்திலிருந்து போன் செய்து நன்றி சொல்வது வழக்கம். வெளியாட்களோடு பேசிப் பழகட்டும் என்று அந்த வேலையை முறை வைத்துக் கொடுத்திருந்தாள் புஷ்பவள்ளி. இந்த வாரம் கனகேஸ்வரியின் முறை.

"நான் பேசுறேன்கா, நீங்க விடுங்க" என்றாள் புஷ்பவள்ளி.

"வேண்டாம்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு கனகேஸ்வரியே எண்ணைச் சுழற்றினாள். கை நடுங்கவில்லை.

"வணக்கம். மறுவாழ்வு இல்லத்திலயிருந்து பேசுறன். பலகாரம் கிடைச்சது. மிச்சம் நன்றி."

அந்தப் பக்கம் கலியாண வீட்டு இரைச்சல் கேட்டது. பத்மாவதிக்குக் குரல் அடையாளம் தெரிந்துவிட்டது. "அக்கா…"

"எல்லாரும் சாப்பிட்டவை, பத்மா. நானும் சாப்பிட்டன். ஒருத்தருக்கும் ஒண்டும் செய்யேல்லை."